கௌதமன் தொட்டுப் பார்க்காத ஒரு ஸ்க்ரூ

விம்கோ நகர் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பாமாயில் வந்திருக்கிறதா இல்லையா என்று எனக்கு முன்னால் நின்ற ஏழு பேரும் ஏழு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. கௌதமனின் பெயர் தெரிந்தது. அன்று சனிக்கிழமை. மறுநாள் காலை எத்தனை மணிக்கு வருகிறாய் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தேன்.

“ஏன்டா உயிர வாங்கற? லைன்ல நிக்கிறேன். அப்பால பேசு.”

 அந்தப் பக்கம் வந்தது அவன் மனைவி சுஜாதாவின் குரல். “அண்ணா, அவரு போயிட்டாரு.”

“எங்க போயிட்டான்?” என்று கேட்டேன்.

சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். அறுபது வயதாகிறது, எத்தனையோ சாவு பார்த்தாயிற்று, எங்கே போய்விட்டான் என்று கேட்கிறேன்! குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன், சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் சாய்ந்துவிட்டானாம். ஐம்பத்தேழு வயது. காலிப் பையோடு அப்படியே அவன் வீட்டுக்கு நடந்தேன். வழியில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். ஏறிக்கொள்ளத் தோன்றவில்லை.

கௌதமனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். கண்டெய்னர் யார்டில் இருபத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவன். நான் அங்கே கிரேன் ஆபரேட்டர், பெயர் ஏகாம்பரம். சங்கத்து நோட்டீஸ் போர்டில் நீங்கள் படித்துக்கொண்டு வந்ததெல்லாம் என் எழுத்து. அதனால்தான் படத்திறப்பு அன்று கொடுக்கப்போகும் மலருக்கு அவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதினேன். பண்பாளர், கடின உழைப்பாளி, ஆபத்தென்றால் ஓடி வந்தவர் என்று எல்லாம் போட்டு எழுதினேன். பிறகு நானே கிழித்துப் போட்டேன். ஒரு பக்கத்தில் அடங்குகிற மாதிரி நான் நடந்துகொள்ளவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அவனை நினைத்தால் அந்த ஜீப்பும் கூடவே வந்து நிற்கும். ராணுவத்தில் கழித்துக்கட்டி ஏலம் விட்ட வண்டி அது. புதுப்பேட்டையில் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் பிடித்தான். கிரேன் வண்டி அதை இழுத்து வந்து அவன் வீட்டு முற்றத்தில் விட்டபோது நானும் அங்கே இருந்தேன். கூரை இல்லை, சீட் இல்லை, ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்துக்குச் சேதியே போகவில்லை. தெருவே கூடி நின்று சிரித்தது. சுஜாதா மட்டும் சிரிக்கவில்லை. “துணி காயப் போட இருந்தது அந்த ஒரு எடம்தான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“இத்த வெச்சிகினு இன்னாடா பண்ணப் போற?” என்றேன்.

“தண்ணில ஓட்டப் போறேன் அண்ணாத்தே.”

 திருவொற்றியூரில் தண்டவாளத்துக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் தெருவை ஐப்பசி கார்த்திகை வந்தால் தண்ணீர் எப்படிச் சூழ்ந்துகொள்ளும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவனுடைய அப்பா அப்படி ஒரு வெள்ளத்தில்தான் இறந்தார். எந்த வண்டியும் உள்ளே வரவில்லை. நாலு பிளாஸ்டிக் டிரம்மைக் கட்டி, அதன்மேல் கதவைக் கழற்றிப் போட்டு, உடலை அதில் கிடத்தி இடுப்பளவு தண்ணீரில் மெயின் ரோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். நான் பின்னாலிருந்து தள்ளினேன். “எங்கப்பன மூட்ட மாதிரி இஸ்துகினு போனேன். இன்மே இந்தத் தெருவுல எவனையும் அப்டி இஸ்துகினு போவ வேணாம்” என்றான். அவ்வளவுதான் அவன் சொன்ன காரணம்.

மூன்று வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் வீட்டு முற்றத்தில்தான் கிடந்தோம். பெயின்ட்டைச் சுரண்டச் சுரண்ட பச்சை வந்தது, அதற்கடியில் மண் நிறம் வந்தது, அதற்கும் அடியில் மறுபடியும் பச்சை. டிரைவர் சீட்டுக்குக் கீழே தகட்டில் ஆணியால் கீறிய கோடுகள் இருந்தன. ஐந்தைந்தாகக் கீறி, கடைசியில் மூன்றோடு நின்றிருந்தது. நான் உப்புத்தாளை எடுத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வாணாம். யாரோ நாள எண்ணிகினு இருந்துகீறான்.”

“எண்ணி இன்னா ஆச்சாம்?”

“ரெண்டு நாளு பாக்கி கீதே, தெரியல?” என்றான். அந்தத் தகட்டுக்கு அவன் பெயின்ட் அடிக்கவே இல்லை.

வேலையில் அவன் ஒரு ராட்சசன் என்பது அவனோடு யார்டில் மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும். கிரேன் கம்பிக் கயிற்றுக்குக் கிளாம்பு போடுகிறபோது என்ன செய்வோம்? ஒருத்தன் முடுக்குவான், ‘ஆச்சு’ என்று குரல் கொடுப்பான். இன்னொருத்தன் வந்து ஒவ்வொரு நட்டையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாக்பீஸால் கோடு போடுவான். அந்த யார்டு வழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். நான் முடுக்க வேண்டும், ஆச்சு என்று சொல்ல வேண்டும், அவன் வந்து தொட வேண்டும், கோடு போட வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும். என்னைவிட மூன்று வயது சின்னவன், அவன் எனக்குக் கோடு போடுகிறான்!

“பாத்துட்டுதான்டா சொல்றேன்” என்பேன்.

“பாத்தேன்னு சொல்லாத அண்ணாத்தே. தொட்டியா? அத்தச் சொல்லு” என்பான்.

ஒருநாள் நான் முடுக்கிய பிரேக் பைப் ஒன்று லூசாக இருந்ததை அவன் விரல் கண்டுபிடித்துவிட்டது. எனக்கு வெட்கமாகிவிட்டது. அவன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. “செஞ்சவன் மேல தப்பு கெடையாது. செக் பண்றவன்னு ஒருத்தன் அப்புறம் எதுக்குக் கீறான்?” என்றான். அந்தப் பேச்சை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தண்ணீரில் போவதற்காக அவன் அந்த வண்டியில் செய்த மாற்றங்களைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எஞ்சின் மூச்சு வாங்கும் குழாயைக் கண்ணாடிக்கு மேலே உயரத் தூக்கினான். முதலில் வீட்டுக்குத் தண்ணீர் வரும் பிளாஸ்டிக் பைப்பில்தான் செய்தான். எஞ்சின் சூட்டில் அது இளகி, தலை தொங்கிவிட்டது. வண்டி வெட்கப்படுது பாரு என்று தெருவில் ஒரு வாரம் பேச்சு. பிறகு ஸ்டீல் பைப்பில் செய்தான். புகைக்குழாயையும் பின்னால் மேலே ஏற்றினான். எல்லாம் சரி, ஒன்றே ஒன்றைத்தான் நான் இங்கே விவரமாகச் சொல்ல வேண்டும். இந்த மாதிரிப் பழைய ராணுவ வண்டியில் கிளட்ச் இருக்கிற கூட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சாதாரண நாளில் அது திறந்திருக்க வேண்டும். கசிகிற எண்ணெய் அந்த வழியாகச் சொட்டிப் போய்விடும். தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் மட்டும் ஒரு ஸ்க்ரூவைப் போட்டு அதை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் தண்ணீர் உள்ளே போய் கிளட்ச் வழுக்கிவிடும். எஞ்சின் கத்தும், வண்டி நகராது. அந்த ஸ்க்ரூவை ஒரு தைல டப்பாவில் போட்டு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து அதை மாட்டுவது என் வேலை.

கூரை தைத்துக் கொடுத்தது வனஜா. எதிர்வீடு. தேவராஜின் மனைவி. தேவராஜ் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன், கௌதமனுக்குத் தோஸ்து. லாரித் தார்ப்பாயை வாங்கிவந்து கொடுத்ததும் வனஜா தையல் மிஷினில் நாலு ஊசியை உடைத்தாள். “ஜாக்கெட்டு தைக்கிற மிஷின்ல கூடாரம் தைக்கச் சொல்றீங்களேண்ணா” என்று சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும். மூச்சிரைப்பு உண்டு, நாளுக்கு இரண்டு முறை கரென்ட்டில் ஓடி மருந்தைப் புகையாக்கித் தரும் சின்ன மிஷினை மூக்கில் வைத்துக்கொள்வாள். வேலை முடிந்ததும் கூரையை மாட்டி, முதல் ஆளாக அவளைத்தான் உட்காரவைத்து எண்ணூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனான் கௌதமன். தேவராஜ் பின்னால் நின்றுகொண்டு போவோர் வருவோருக்கெல்லாம் கையாட்டினான்.

அடுத்த கார்த்திகையில் அந்த வெள்ளம் வந்தது. எண்ணெய் மிதந்துகொண்டு வந்த வெள்ளம். மூன்று நாள் கரென்ட் இல்லை. மூன்றாம் நாள் காலையில் நான் கௌதமன் வீட்டில் இருந்தபோது தேவராஜ் இடுப்பளவு தண்ணீரில் கத்திக்கொண்டு வந்தான். “கௌதமா, அவளுக்கு மூச்சே வர்ல. மிஷின் ஓடல. மருந்தும் தீந்துபோச்சு. ஜல்தி வாடா!”

கௌதமன் எதிர்வீட்டுக்கு ஓடினான். ஓடிக்கொண்டே என்னைப் பார்த்து, “அண்ணாத்தே, ஸ்க்ரூ!” என்றான்.

அவன் வீட்டு முற்றம் தெருவைவிட உயரம். அங்கே கணுக்கால் அளவுதான் தண்ணீர். டப்பாவைத் திறந்து ஸ்க்ரூவைக் கையில் எடுத்தேன். குனிந்தேன். தண்ணீரின்மேல் கறுப்பாக எண்ணெய் படிந்திருந்தது. சாக்கடை எல்லாம் கலந்து ஒரே கலீஜ். அதில் முதுகு வைத்துப் படுக்க வேண்டும். அன்று காலையில்தான் என் மனைவி பரணிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்திருந்தாள். மூன்று நாள் ஈரத்துக்குப் பிறகு உடம்பில் போட்ட முதல் காய்ந்த சட்டை. வீட்டில் இருந்த கடைசிக் காய்ந்த சட்டையும் அதுதான்.

நான் படுக்கவில்லை. ஐயா, அம்மா, இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நான் படுக்கவில்லை. மெயின் ரோடு என்ன காத தூரமா, அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். ஸ்க்ரூவைத் திரும்பவும் டப்பாவில் போட்டு மூடி அது இருந்த இடத்திலேயே வைத்தேன்.

கௌதமன் வனஜாவைக் கைகளில் தூக்கிக்கொண்டு வந்தான். “ஆச்சா?” என்றான்.

“ஆச்சு” என்றேன்.

மூன்று வருஷமாக நான் சொன்ன ஒவ்வொரு ஆச்சுவையும் தொட்டுப் பார்த்தவன், அன்று கைகள் இரண்டிலும் ஒரு பெண்ணைச் சுமந்துகொண்டு நின்றான். தொட்டுப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தான்.

தெருவைத் தாண்டினோம். மெயின் ரோட்டில் ஏறினோம். சனங்கள் மாடியிலிருந்து கைதட்டினார்கள், விசிலடித்தார்கள். வனஜா பின்னால் எனக்கும் தேவராஜுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பேச முடியவில்லை. அவளுடைய ஒரு கை என் சட்டையின் மார்புப் பக்கத்தைக் கொத்தாகப் பிடித்திருந்தது. சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தில் இறங்கியபோதுதான் எஞ்சின் சத்தம் மாறியது. ஓவென்று கத்தியது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. கௌதமன் கியரை மாற்றிப் பார்த்தான், மறுபடியும் மாற்றிப் பார்த்தான். சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒரு சாண்கூட நகரவில்லை. என்ன ஆகிவிட்டது என்று அந்த வண்டியில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டிலைக் கேட்டு வாங்கி, அவளை அதில் படுக்கவைத்து மூன்று பேரும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்தோம். இடுப்புக்குமேல் தண்ணீர், சில இடத்தில் மார்புவரை. பத்து நிமிஷத்தில் போயிருக்க வேண்டிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கௌதமன் எதை இனிமேல் யாருக்கும் நடக்க விடமாட்டேன் என்று சொன்னானோ, அதையே நடத்திக்கொண்டு போனோம். வழியெல்லாம் தேவராஜ் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தான். சாயங்காலம் அங்கேயே இறந்துவிட்டாள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். எல்லா டாக்டரும் எல்லோரிடமும் சொல்வதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் ரோட்டில் ஒரு ஆட்டோ கியர் விழாமல் கத்தினால் என் மார்பில் அந்தக் கை வந்து பிடித்துக்கொள்கிறது. டீக்கடையில், பஸ்ஸில், மாத்தூரில் மகள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்று எங்கேயும் வருகிறது. சோற்றுக் கையோடு நான் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பேன், மகள் என்னப்பா என்று கேட்பாள்.

தண்ணீர் வடிந்ததும் ஜீப்பை இழுத்துக்கொண்டு வந்தோம். கௌதமன் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு, தைல டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தான். ஸ்க்ரூ உள்ளேதான் இருந்தது. மூடி வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“டீ சாப்ட்லாமா அண்ணாத்தே?” என்றான்.

டீக்கடையில் தேவராஜ் இருந்தான். மொட்டைத் தலையும் நாலைந்து நாள் தாடியுமாக, காரியம் இன்னும் முடியாத கோலம். கௌதமனைப் பார்த்ததும் எழுந்தான். “உன் வண்டிய நம்பிக் குட்தேன்டா” என்றான். “நானே தூக்கினு நடந்திருப்பேன். உன் வண்டிய நம்பி எம் பொண்டாட்டியக் குட்தேன்டா, பாவி!”

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கௌதமனைப் பார்த்தார்கள். என் கையில் டீ கிளாஸ் இருந்தது.

“என் தப்புதான்பா” என்றான் கௌதமன். “ஒரு ஸ்க்ரூ போடாம வுட்டுட்சி. நான் தொட்டுப் பாக்கல.”

போடாதவன் யார் என்று அவன் சொல்லவில்லை. அந்தக் கிளாஸ் டீயை நான் குடித்தேன். முழுசாகக் குடித்தேன். என்னத்தைச் சொல்ல!

அதற்குப் பிறகு அவன் அந்த ஜீப்பைத் தெருவில் இறக்கவே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேலை மட்டும் நிற்கவில்லை. காலையில் நான் போனதும் ஸ்க்ரூவை எடுத்து என் கையில் கொடுப்பான். “போடு அண்ணாத்தே.” நான் அடியில் படுத்து மாட்டிவிட்டு ஆச்சு என்பேன். அவன் படுத்து, தொட்டுப் பார்த்து, சாக்பீஸால் கோடு போடுவான். எஞ்சினைப் போட்டு கேட் வரைக்கும் முன்னால் எடுப்பான், சுவர் வரைக்கும் பின்னால் எடுப்பான். பிறகு ஸ்க்ரூவைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொள்வான். சித்திரை வெயிலில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத நாளில் இதைச் செய்தோம். நாலு வருஷம் செய்தோம். எனக்குத் தண்டனை கொடுத்தானா, சொல்வதற்கு இடம் கொடுத்தானா? எனக்குத் தெரியாது. போகாமல் இருந்திருக்கலாம். போகாமலும் இருக்க முடியவில்லை.

ஒரே ஒரு முறை அவன் வாயைத் திறந்தான். அவன் பெண்ணின் கல்யாணத்துக்குத் தேவராஜ் வீட்டில் பத்திரிகை வைத்துவிட்டு வந்திருந்தான். கதவுகூடத் திறக்கவில்லையாம். பத்திரிகையை ஜன்னலில் செருகிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“தேவராஜ் இன்னும் என்னாண்ட பேச மாட்றான் அண்ணாத்தே” என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நேராகப் பார்த்தான்.

“வுட்றா. அவன் எப்பவுமே அப்டித்தான். கோவக்காரன்” என்றேன்.

என் ஆயுளில் நான் பேசியதிலேயே கேவலமான பேச்சு அதுதான். வண்டிக்கு அடியில் படுக்காமல் போனது ஒரு நிமிஷத்துச் சோம்பல், ஒரு சட்டை ஆசை என்று சொல்லி எப்படியாவது தப்பிக்கலாம். இது அப்படி இல்லை. எனக்காக ஒருவன் வாங்கிக்கொண்ட பழியை அவன் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு தேவராஜ்மேல் தள்ளினேன். கௌதமன் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போய் முகம் கழுவினான்.

அவனை எடுக்கிற அன்று நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். நீலத் துணி போர்த்தியிருந்தார்கள். வியாசர்பாடியிலிருந்து அவன் சொந்தக்காரர்கள் வந்து பௌத்த முறைப்படி பஞ்சசீலம் சொன்னார்கள். சங்கத்துக் கொடி வைத்தோம். எதிர்வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. வண்டி கிளம்புகிற நேரத்தில் தெருமுனையில் தேவராஜ் நின்றதைப் பார்த்தேன். பக்கத்தில் வரவில்லை. சரக்கு ஆட்டோவில் ஏறி மாதவரம் பக்கம் போய்விட்டான்.

எடுத்து முடித்துத் திரும்பி வந்தபோது சுஜாதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள் இருந்தார்கள். என்னைக் கையால் கூப்பிட்டாள். குனிந்தேன். யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

“இன்னும் நீங்க சொல்லலையாண்ணா?”

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“உங்க தப்ப இன்னாத்துக்கு அவரு தப்புன்னு சொல்லிக்கினாருன்னு அவராண்ட சண்ட போட்டேன்” என்றாள். “அண்ணாத்தே தானா சொல்லுவாரு, நீ வேணா பாரேன்னு சொன்னாரு. வருஷா வருஷம் அத்தையே சொல்லிகினு இருந்தாரு.”

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுவாரம் தேவராஜைப் பார்க்கப் போனேன். காலையில் தெருக்குழாயடியில் சரக்கு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்க்ரூ, டப்பா, எண்ணெய்த் தண்ணீர், சட்டை, ஆச்சு என்று நான் சொன்னது, டீக்கடையில் நான் சும்மா இருந்தது, எல்லாம். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழாயை மூடினான்.

“சட்டைக்கா?” என்றான்.

“ஆமா.”

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரியும். தண்ணி வடிஞ்ச அன்னிக்கே தெரியும்.”

“தெரிஞ்சேவா என் தப்புன்னு சொன்னான்?”

“ஆமா.”

அவன் வண்டியின் பின்பக்கப் பலகைமேல் குந்தினான். கையில் இருந்த ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே இருந்தான். தண்ணீர் வருவது நின்ற பிறகும் பிழிந்தான்.

“நாலு வருஷம் அவன் மூஞ்சில முழிக்கல நானு” என்றான். “எதுக்க வந்தா காறித் துப்பிகீறேன். அவன் பொண்ணு கல்யாணத்துக்குப் போவல. அன்னிக்கு முனையாண்ட நின்னுகினு, போவலாமா வாணாமான்னு யோசிச்சிகினே இருந்து, போடா சர்தான்னு வண்டிய எட்துகினு போய்ட்டேன். மாலகூடப் போடல. நீ இப்ப வந்து என்னாண்ட சொல்லிட்ட. உனக்கு பாரம் எறங்கிட்சி. நான் யாராண்ட போய்ச் சொல்லுவேன், ஏகாம்பரம்? அவன எங்க போய்த் தேடுவேன்?”

 எனக்குப் பாரம் இறங்கவில்லை, அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

“போ. என் எதுக்க வராத” என்றான்.

மலருக்காக எழுதிய இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் சுஜாதாவிடம் காட்டினேன். முழுவதும் படித்தாள். ஒரு வரியையும் அடிக்கச் சொல்லவில்லை. படித்த பிறகு நீங்களும் என்னிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறதோ அப்படி நடந்துகொள்ளுங்கள். கௌதமன் தொட்டுப் பார்க்காமல் விட்டான் என்று மட்டும் இனி யாரும் பேச வேண்டாம். அவன் என் வார்த்தையை நம்பினான், அவ்வளவுதான்.

தேவராஜ் இப்போது என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நான் டீக்கடைக்குள் நுழைந்தால் பாதி டீயோடு எழுந்து போகிறான். நேற்று ரோட்டில் எதிரே வந்தான். காறித் துப்பிவிட்டு அந்தப் பக்கம் கடந்து போனான். இதையெல்லாம் நாலு வருஷம் கௌதமன் வாங்கிக்கொண்டான், ஒரு நாளும் ரோட்டை மாற்றிப் போனதில்லை. அவனுடையது என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். முதல் நாளிலிருந்தே இது எனக்கு வந்திருக்க வேண்டியது. கடைக்குப் போக எனக்கும் வேறு தெரு இருக்கிறது. தேவராஜ் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறேன்.